தோட்டத்தடியில் பதுங்கறை: இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடப்பாரை எதிலோ பட்டு, கல்லில் பட்ட சத்தமாக இல்லாமல் பானையைத் தட்டியது போல 'டொம்' என்று கேட்டால், அங்கே நிற்பவர்கள் எல்லோரும் உடனே நான்கு எட்டு பின்னால் வந்துவிட வேண்டும். அடியில் இருப்பது என்னவென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எண்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த கூரை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை மேலே நின்று சோதிக்கக் கூடாது.

கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய தோட்ட வீட்டில் இருப்பவர்கள் இப்படி ஒன்றைக் கண்டால் "சுரங்கம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த ஊர், பல முறை முற்றுகை கண்ட புதுச்சேரி என்றால் சுரங்கக் கதைக்குப் பஞ்சமா? ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பக் கட்டிய பதுங்கறையாக இருக்கவும் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பு, 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் வரிசையாகக் குண்டு போட்டன. அந்த மாதம் சென்னையிலிருந்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தாலும் 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடலைப் பார்த்துப் பயந்த காலம் அது. பழைய கோப்புகளைத் தேடுபவர்கள் கடலூர் என்றால் 'ஏ.ஆர்.பி.' (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) என்ற மூன்று எழுத்தையும், புதுச்சேரி என்றால் அதே பொருளில் வரும் 'தெஃபான்ஸ் பசீவ்' என்ற பிரெஞ்சுச் சொல்லையும் பார்க்க வேண்டும்.

பதுங்கறையா, செப்டிக் டேங்கா?

வீடியோக்களில் பிரிட்டன் தோட்டங்களில் தோண்டி எடுக்கும் நெளிதகரக் கூண்டை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அது 1938இல் அங்கே வடிவமைத்த ஆண்டர்சன் கூண்டு. ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், நாலடி ஆழத்தில் புதைத்து மேலே குறைந்தது 15 அங்குலம் மண் போட்டது. நம் பக்கத்தில் அந்த நாளில் பரவலாகத் தோண்டியது வளைந்து வளைந்து போகும் திறந்த பள்ளம்தான். அதெல்லாம் எப்போதோ தூர்ந்துபோய்விட்டது. மிஞ்சியிருக்கக்கூடியது செங்கலோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டிய அறை மட்டுமே.

பதுங்கறைக்கு முதல் அடையாளம் அதன் வாசல். படி நேராக அறைக்குள் இறங்காது. கீழே போனதும் செங்கோணமாகத் திரும்பும், அல்லது வாசலுக்கு எதிரே தடுப்புச் சுவர் நிற்கும். குண்டுவெடிப்பின் காற்றும் சிதறலும் நேராகப் பாயும் என்பதால் அப்படிக் கட்டினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஆள் தவழ்ந்து வெளியேற இன்னொரு துளை, கூரையில் காற்றுக் குழாய், சுவரோரம் திண்ணை, தரையில் ஒரு மூலையில் தண்ணீர் வடியச் சிறு குழி ஆகியவையும் இருக்கலாம். இரண்டு மூன்று அறைகளாகத் தடுத்து, 'டி' வடிவக் குழாய் தெரிந்தால் அது செப்டிக் டேங்க். படியே இல்லாமல் உள்சுவர் முழுக்க வழவழவென்று சிமெண்ட் பூசி, மூலைகளை வளைத்து, மேலே ஒரே ஒரு துளை இருந்தால் தண்ணீர்ச் சம்ப். செப்டிக் டேங்க் என்று சந்தேகம் வந்தாலே வேலை அங்கே முடிந்தது. ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மேலே இருந்தபடி உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள்.

காலத்தைக் கணிக்கக் கம்பி உதவும். கான்கிரீட் பெயர்ந்த இடத்தில் தெரியும் கம்பி வரி இல்லாமல் மொழுமொழுவென்று உருண்டையாக இருந்தால் பழையது. முறுக்குக் கம்பி நம் ஊர்க் கட்டடங்களுக்குள் வந்தது 1960களிலிருந்துதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் வளைவு என்றால் போருக்கும் முந்தைய நிலவறையாக இருக்கலாம். போரின்போது அதையே பதுங்கும் இடமாக மாற்றியிருக்கவும் கூடும்.

கரையோரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் ஆழமாகப் புதைத்த அறை தாக்குப்பிடித்திருக்காது. பாதி தரைக்கு மேல் கட்டி மண்ணைக் குவித்து மூடியது தப்பியிருக்கலாம். சமதளமான தோட்டத்தில் காரணமில்லாத ஒரு மேடு இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். கோரிமேடு, காலாப்பட்டு, திருவந்திபுரம் போன்ற செம்மண் மேடுகளில் நிலைமை வேறு. அங்கே ஆழமான அறைகூட உலர்ந்து கிடக்கலாம்.

எப்போது, எங்கே தொடங்குவது

பங்குனி முதல் ஆனி வரைதான் ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. பாதி தோண்டிய குழியில் அப்படி ஒரு மழை இறங்கினால் சுவரே மிஞ்சாது.

கோடையில் அறைக்கு மேலுள்ள புல் மற்ற இடத்தைவிட முன்னதாகக் காயும். மண் ஆழம் குறைவாக இருப்பதே காரணம். அந்தக் காய்ந்த செவ்வகத்தின் ஓரங்களில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, ஒன்றரை மீட்டர் நீள 12 மி.மீ. கம்பியைக் குறுக்குக் கைப்பிடி வைத்து வெல்டிங் செய்து, 50 செ.மீ.க்கு ஒரு குத்தாக வெளியிலிருந்து உள்நோக்கிக் குத்திக்கொண்டே வாருங்கள். எத்தனை செ.மீ.யில் தட்டுகிறது என்று காகிதத்தில் கட்டம் போட்டுக் குறித்தால் கூரையின் எல்லை தானாகத் தெரியும். கம்பியைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள். கை அழுத்தம் போதும். மின்கம்பி, பாதாளச் சாக்கடைக் குழாய் போகும் வழியை அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ரேடார் கருவி கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால், உலர்ந்த செம்மண்ணில் அது நன்றாக வேலை செய்யும். உப்பு ஏறிய ஈரக் களிமண்ணில் காசுதான் வீண்.

அரிக்கமேட்டுக்கு அருகிலோ வேறு பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகிலோ இடம் இருந்தால் 100 மீட்டருக்குள் தோண்டத் தடை, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சொந்தப் பட்டா என்பது இங்கே பதிலாகாது.

கூரை

கணக்கு போட்டால் பயம் தானாக வரும். 4 மீட்டருக்கு 2 மீட்டர் கூரையின் மேல் 60 செ.மீ. மண் என்றால் 4.8 கன மீட்டர். ஈர மண் கன மீட்டருக்குச் சுமார் 1.8 டன். ஆக எட்டரை டன் சுமை இப்போதே மேலே இருக்கிறது. அதன் மேல் ஜே.சி.பி.யை ஏற்ற நினைப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருவாக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து, அடிப்பக்கம் பாளம் பாளமாகக் கழன்று விழும். மேலே இருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. இதனால்தான் மேல்தளம் நன்றாக இருக்கிறதே என்று யாரும் தைரியம் கொள்ளக் கூடாது.

சுமையைக் குறைப்பது முதல் வேலை. இரண்டு பக்கச் சுவர்களையும் தாண்டி அரை மீட்டராவது வெளியே நீளும்படி கனமான பலகைகளைப் போட்டு, ஆட்கள் அதன் மேல் மட்டும் நின்று, மண்வெட்டியால் 15 செ.மீ. அடுக்கு அடுக்காக மண்ணை எடுக்க வேண்டும். வளைவுக் கூரை என்றால் இரண்டு பக்கமும் சம அளவில் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மண் போனால் மறுபக்கத்து அழுத்தம் வளைவைத் தள்ளிவிடும். அரசோ ஆலோ வேர்விட்டிருந்தால் பிடுங்காதீர்கள். பல இடங்களில் அந்த வேர்தான் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடலாம். எடுத்த மண்ணைக் குழி ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் கொட்டுங்கள்.

வாசல் படியைத் தோண்டும்போது பக்கவாட்டு மண்ணை மறந்துவிடுவார்கள். கடற்கரை மணல் செங்குத்தாக நிற்காது. ஒரு மீட்டர் ஆழம் தாண்டினால் பலகை கொடுத்து முட்டுக்கட்டை போட வேண்டும், அல்லது சரிவாக வெட்ட வேண்டும். இடுப்பளவு மணல் சரிந்தாலே ஆளால் தானாக வெளியே வர முடியாது.

காற்று

இதைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்வோம். பதுங்கறையில் பாம்பைத் தேடுபவர்கள் காற்றைத் தேடுவதில்லை.

மூடிக் கிடந்த அறையில் இலையும் வேரும் மக்கும்போது ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு சேர்கிறது. இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்சிஜனைத் தின்னும். பக்கத்துக் கழிவுக்குழியிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கசிந்து வரலாம். 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சாக்கடை வாயு வீட்டுக் கழிப்பறைக்குள் ஏறி மூன்று பேர் இறந்தது இந்த ஊருக்கு மறக்காது. வீட்டுக்குள் நடந்தால் பதுங்கறைக்குள் நடக்காதா? அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்பது நல்ல செய்தியே அல்ல.

மெழுகுவர்த்தி கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய கிணற்றுக்காரர்கள் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடையோ கார்பன் மோனாக்சைடையோ சுடர் காட்டித் தராது. மீத்தேன் இருந்தால் அதுவே வெடி வைக்கும். நான்கு வாயுக் கேஸ் டிடெக்டரை வாடகைக்கு எடுங்கள். வாகனப் புகை இல்லாத வெட்டவெளியில் அதை ஆன் செய்து ஆக்சிஜன் 20.9 காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கயிற்றில் கட்டி மேல், நடு, தரை என்று மூன்று மட்டத்திலும் தலா இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். தொங்கும்போது திரை தெரியாது என்பதால், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள், எரிவாயு வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.க்குக் கீழ், கார்பன் மோனாக்சைடு 25 பி.பி.எம்.க்குக் கீழ் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண நான்கு வாயுக் கருவி கரியமில வாயுவை அளப்பதில்லை. ஆக்சிஜன் 20.9இலிருந்து 19.9க்கு இறங்கினால் ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், கருவியும் கத்தாது. ஆனால் வேறு வாயு உள்ளே புகுந்து காற்றைத் தள்ளியதால் அந்தக் குறைவு வந்திருந்தால், அறையின் காற்றில் 5 சதவீதம் அந்த வாயுதான். கரியமில வாயு 5 சதவீதம் என்றால் தலை சுற்றி மூச்சு வாங்கும். ஆகவே கருவி 'பாதுகாப்பு' என்று காட்டினாலும் 20.5க்குக் கீழே போனால் காற்றோட்டம் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள்.

காற்றோட்டத்துக்கு 8 அங்குலக் குழாய் பொருத்தும் மின் ப்ளோயர் போதும். 14 கன மீட்டர் அறைக்கு நிமிடத்துக்கு 15 கன மீட்டர் தள்ளும் ப்ளோயரை 20 நிமிடம் ஓட்டுங்கள். குழாயின் முனை அறையின் கடைசிக் கோடியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். வாசல் பக்கமே ஊதினால் போன காற்று அங்கேயே திரும்பி வரும். மூலையில் கெட்ட காற்று அசையாமல் நிற்கும். ப்ளோயர் காற்றை இழுக்கும் பக்கத்தை வாசலிலிருந்து தள்ளியும், ஜெனரேட்டரை அதற்கு வெகு தொலைவில், காற்று அடித்துச்செல்லும் பக்கத்திலும் வையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை யாருக்காவது வந்தால் அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆக்சிஜன் மிகுந்த அறையில் ஒரு பொறி விழுந்தால் சட்டையே திரியாக எரியும்.

காலையில் சரியாக இருந்த காற்று மதியம் கெடலாம். காற்றழுத்தம் இறங்கும்போது மண்ணுக்குள் தங்கிய வாயு வெளியே மூச்சு விடும். வங்கக் கடலில் புயல் சின்னம் இருக்கும் நாளில் இறங்காததற்கு மழை மட்டும் காரணமல்ல. ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க ப்ளோயர் ஓடட்டும். இடுப்பில் டிடெக்டர் இருக்கட்டும்.

தண்ணீர் நின்றால்

மொத்தத்தையும் ஒரே நாளில் இறைக்காதீர்கள். வெளியே நிலத்தடி நீர் உயரமாக இருக்கும்போது உள்ளே காலியானால், வெளி அழுத்தம் தரையைத் தூக்கிச் சுவரை உள்ளே தள்ளும். நாளுக்கு அரை மீட்டர் போதும். மறுநாள் காலையில் மட்டம் பழையபடி ஏறியிருந்தால் அது நிலத்தடி நீர். அக்னி நட்சத்திரம் வரை பொறுத்திருங்கள். டீசல் என்ஜினை வாசல் அருகே வைக்கக் கூடாது. அதன் புகை உள்ளே இறங்கும். மின் பம்ப் என்றால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், பம்ப் ஓடும்போது தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

இறங்குவது

காற்று சரியென்று தெரிந்த பிறகு மொபைலையும் எல்.இ.டி. விளக்கையும் நீளச் சவுக்குக் கம்பில் கட்டி உள்ளே நீட்டி வீடியோ எடுங்கள். டிடெக்டர் போகும் முன் மொபைல் போகக் கூடாது. அதுவும் பொறி தரும் கருவிதான். பெரும்பாலும் பார்க்க வேண்டியது அத்தனையும் அந்த வீடியோவிலேயே கிடைத்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்வது கோழைத்தனம் அல்ல.

பாம்பு இருந்தால் புகை போடாதீர்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள். வௌவால் எச்சம் இருந்தால் என்95 முகக்கவசம் இல்லாமல் கிளறாதீர்கள்.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் மேலே குறைந்தது இரண்டு பேர். அவர்களுக்கு ஒரே வேலைதான்: அங்கேயே இருப்பது. இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னஸ் (உடம்போடு கட்டும் பாதுகாப்பு வார்), ஹெல்மெட், தலை விளக்கு, கயிறு. மேலே திறந்த துளை என்றால் டிரைபாட் வைத்துத் தூக்கலாம். படி திரும்பும் வாசலில் கயிறு மூலையில் உரசி மாட்டிக்கொள்ளும். மூலையில் வழவழப்பான பைப் ஒன்றை நிறுத்திக் கட்டி, சிமெண்ட் சாக்கில் 50 கிலோ மணலை நிரப்பி உள்ளே வைத்து வெளியே இழுத்துப் பாருங்கள். மணல் மூட்டை வராத வழியில் மயங்கிய ஆள் வரமாட்டார். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் ஒரு சாவை மூன்றாக்குகிறது. கயிற்றால் இழுங்கள், 101க்கும் 108க்கும் அழையுங்கள், காற்றை ஊதிக்கொண்டே இருங்கள். ஐநூறு ரூபாய் கொடுத்துக் கூலியாளை முதலில் இறக்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் முட்டு கொடுங்கள். சென்ட்ரிங் மேஸ்திரிகளிடம் இருக்கும் இரும்பு ஜாக்கியோ, 10 செ.மீ. பருமன் சவுக்குக் கட்டையோ மீட்டருக்கு ஒன்று. மேலும் கீழும் பலகை வைத்து, ஆப்பைக் கையால் இறுக்கும் அளவோடு விடுங்கள். சம்மட்டியால் ஏற்றினால் கூரையைத் தூக்கி நீங்களே விரிசல் வைப்பீர்கள். வாசலிலிருந்து தொடங்கி, முட்டு கொடுத்த கூரைக்கு அடியில் நின்றபடியே அடுத்த முட்டுக்குப் போங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்டால் கான்கிரீட் கெட்டி. பொத்தென்று கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு அதன் அடியில் நிற்காதீர்கள். முதல் தடவை 15 நிமிடம் போதும்.

கிடைப்பவை

எதையும் நகர்த்தும் முன் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுங்கள். பழைய விஷவாயு முகமூடி கிடைத்தால் முகத்தில் மாட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. அந்தக் கால வடிகட்டிகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. இரட்டைப் பையில் போட்டுக் கட்டுங்கள்.

குண்டு விஷயம் இந்த ஊருக்கே உரியது. கடலூரில் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை ஆங்கிலேயர் நிலம் எடுத்ததால் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே இருக்கிறது. மண்ணிலிருந்து வரும் இரும்பு உருண்டை கெட்டியாக இருந்தால் வெறும் இரும்பு. ஒரு துளையோ மரத் தக்கையோ தெரிந்தால் அது உள்ளே மருந்து அடைத்த குண்டு. இருநூறு வருடம் ஆனாலும் கருமருந்து உலர்ந்தால் எரியும். தட்டாதீர்கள், துரு சுரண்டாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். இடத்தைக் கயிறு கட்டி மறித்து 112க்குச் சொல்லுங்கள். போர்க் காலத்துத் தோட்டாவுக்கும் இதே விதி.

காசோ நகையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாயை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

மூடி வைப்பது

வேலை நிற்கும் ஒவ்வொரு மாலையும் வாசலைப் பூட்ட வேண்டும். நாயும் பிள்ளையும் இரவில்தான் விழும். நிரந்தரமாக வைத்துக்கொள்வதானால் கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மிகாத கிரில் கதவு, வாசலைச் சுற்றி ஓரடி உயரச் செங்கல் வரப்பு, மழைநீர் வெளியே ஓடச் சரிவு. கூரையில் எடுத்த மண்ணைத் திரும்பப் போடாதீர்கள். வெறும் புல்லுக்கு 10 செ.மீ. மண் போதும், மரம் வேண்டாம். வைத்துக்கொள்ள மனமில்லை என்றால் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடுவதைவிட, உலர்ந்த மணலை 30 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். இடிபாட்டுக்கு நடுவே இருக்கும் ஓட்டை அடுத்த மழையில் தோட்டத்தில் பள்ளமாக வெளியே வரும். திறந்தே வைப்பவர்கள் பழைய காற்றுக் குழாயை அடைக்காமல், வாயில் கொசு வலை கட்டுங்கள். மூலைக் குழியில் நிற்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறை மேலிருந்தே குழாய் விட்டு இறைத்துவிடுங்கள்.